குனிந்து நிற்கும் வண்டியை நிமிர்த்துவது

டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹூஸ்டன் நகரத்தை அடுத்து வாசம் செய்யும் என் தமையனார் புதல்வன், நான் அவன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த சமயத்தில், ஒரு சனிக்கிழமை காலை, கையிலிருந்த காபி ஆறுவதற்கு முன்பாகவே என்னை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய், அங்கே நிறுத்தியிருந்த தன் பிக்கப் டிரக்கைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லி, "சித்தப்பா, இதில் உங்களுக்கு ஏதாவது குறை தெரிகிறதா?" என்று கேட்டான். மாட்டுவண்டிக் காலத்து மனிதனாகையால் எனக்கு அந்தக் கேள்வி கஷ்டமாக இல்லை. "முன்பாரமாக நிற்கிறதே, அப்பா" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "பாரம் ஏது, சித்தப்பா? பின்னால் ஒரு துரும்புகூட இல்லை. வெறும் வண்டிதான் இப்படிக் குனிந்து நிற்கிறது. இதைத்தான் இன்றைக்கு நிமிர்த்தப் போகிறேன்" என்றான்.

முன்பாரம், பின்பாரம் என்ற வார்த்தைகளை இக்காலத்து வாலிபர்கள் கேட்டிருக்க நியாயமில்லை. மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவன், பாரம் முன்னுக்கு அதிகமானால் நுகத்தடி காளையின் கழுத்தில் அழுந்தும் என்பதையும், பின்னுக்கு அதிகமானால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு காளையின் தொண்டையை இறுக்கும் என்பதையும் நன்றாக அறிந்தவனாதலால், கடைசி மூட்டையை ஏற்றுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, இந்த மூட்டை முன்னே போகவேண்டுமா பின்னே போகவேண்டுமா என்று தீர்மானிப்பான். மோட்டார் வண்டியை நிர்மாணம் செய்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. தான் செய்து விற்கும் வண்டியில் எவன் எப்போது எவ்வளவு பாரம் ஏற்றுவான் என்பது அவனுக்குத் தெரியாது; பாரம் பின்புறத்துத் தொட்டியில்தான் ஏறும் என்பது ஒன்றே நிச்சயமாகத் தெரியும். ஆகவே அவன், பின்புறம் பாரத்தினால் தாழப்போகிற அளவை முன்கூட்டியே உத்தேசித்து, வெறும் வண்டியில் பின்புறத்தைச் சற்று உயர்த்தியே வைத்துவிடுகிறான். என் பிள்ளை குறையென்று நினைத்தது, வராத பாரத்துக்காகச் செய்துவைத்த ஏற்பாடு.

பிக்கப் டிரக் என்பது அமெரிக்கர்களுடைய வாழ்க்கையில் எவ்வளவு ஆழமாகப் பதிந்த வஸ்து என்பதை அங்கே போய்ப் பார்த்தால்தான் விளங்கும். 1925-ஆம் வருஷத்தில் ஃபோர்டு கம்பெனியார் தங்கள் மாடல் டி மோட்டாரின் பின்னால் ஒரு தொட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலையில் குடியானவர்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதன் சந்ததியான எஃப் வரிசை வண்டிகள் 1977 முதல் அந்த தேசத்தில் மிக அதிகமாக விற்பனையாகும் டிரக்குகளாக இருந்துவருகின்றன. செவர்லே சில்வராடோ, ராம், டொயோட்டா டகோமா முதலியவை போட்டிக்கு நிற்பவை. வைக்கோலும் கன்றுக்குட்டியும் ஏற்றப் பிறந்த இந்த வண்டியில் இப்போது வக்கீல்களும் வைத்தியர்களும் காரியாலயத்துக்குப் போகிறார்கள். நான் பார்த்த அளவில் அநேகம் தொட்டிகளில் மழைநீரைத் தவிர வேறு சரக்கு கிடையாது. பாரமே ஏற்றாதவனுக்குப் பாரத்துக்கென்று ஏற்பட்ட குனிவு கண்ணை உறுத்துவது சகஜந்தானே!

அந்தக் குனிவைப் புரிந்துகொள்வதற்கு, வண்டி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். பின்புறத்து ஏற்பாடு நம்மவர்களுக்குப் புதிதன்று. கட்டை வண்டியில் போய் எலும்பு நொறுங்கினவர்கள், அச்சின்மேல் எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்துப் பூட்டிய வில்வண்டியில் ஏறினவுடன் அடைந்த சுகத்தைப் பற்றி எங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வில்லே, சற்றுப் பருத்து நீண்டு, இன்றும் பெரும்பாலான பிக்கப் டிரக்குகளின் பின் அச்சைத் தாங்குகிறது. நம் ஊர் லாரி டிரைவர்கள் பட்டை என்று சொல்வது இதைத்தான். முன்புறத்து ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு சக்கரமும் மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகளால் தனித்தனியே பிடிக்கப்பட்டு, கீழ்க்கைக்கும் சேஸிஸுக்கும் நடுவே, சுருள்வில்லும் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த ஸ்டிரட் என்னும் தூண் நிற்கிறது. பின்புறத்துப் பட்டை பாரத்தை எதிர்பார்த்து விறைப்பாக நிற்க, எஞ்சினை மட்டும் சுமக்கும் முன்புறத்துச் சுருள் தன் அளவில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் உயர வித்தியாசம் வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும், 1 அங்குலத்திலிருந்து 3 அங்குலம் வரையில் இருப்பது வழக்கம்.

இந்த வித்தியாசத்தைப் போக்க முன்புறத்தை மட்டும் உயர்த்துவதற்கு லெவலிங் என்றும், முன்னும் பின்னும் சேர்த்து வண்டி முழுவதையும் உயர்த்துவதற்கு லிஃப்ட் என்றும் பெயர். முன்னது ஒரு நாள் வேலை. பின்னது ஒரு பெரிய சம்சாரம். முதன்முதலில் கைவைக்கிறவர்கள் முன்னதோடு நிறுத்திக்கொள்வது உசிதம் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்கள் போகப்போகத் தெரியும்.

என் பிள்ளை வேலை ஆரம்பிக்குமுன் செய்த முதற்காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, நான்கு சக்கரங்களிலும், குடத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரையில் அளந்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டான். தரையிலிருந்து ஏன் அளக்கவில்லை என்று கேட்டேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். குடத்திலிருந்து அளந்தால் வில்லின் நிலை ஒன்றே தெரியும் என்றான். முன்புறம் இரு பக்கமும் 22½ அங்குலம், பின்புறம் 24½. ஆக, குனிவு சரியாக 2 அங்குலம். வாசற்புறத்துத் தரை மட்டமாக இருக்கிறதா என்பதைக்கூட ரசமட்டம் வைத்துப் பார்த்தான். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிச் சாமான் வாங்கிப் பூட்டிவிட்டு, வண்டி இப்போது பின்புறமாகச் சாய்ந்து நிற்கிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாதவர்கள். அவனோ 2 அங்குலத்தையும் சமன் செய்யாமல், ஒன்றரை அங்குலம் மட்டும் உயர்த்தி, அரை அங்குலக் குனிவை மிச்சம் வைத்துவிடுவதாகத் தீர்மானித்திருந்தான். ஏனென்றால் நாலு மூட்டை ஏற்றினாலும் வண்டி வானத்தைப் பார்க்கக்கூடாதல்லவா?

அதற்காக அவன் வாங்கிவைத்திருந்த சாமானைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இட்டிலித் தட்டின் அளவுள்ள இரண்டு அலுமினியத் துண்டுகள். கனம் முக்கால் அங்குலம். "ஒன்றரை அங்குலம் உயரவேண்டிய வண்டிக்கு முக்கால் அங்குலத் தட்டா?" என்றேன். அங்கேதான் இந்த விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஸ்டிரட்டின் அடிப்பாகம் சக்கரத்தின்மேல் நேராக நிற்பதில்லை. ஒரு முனையில் சேஸிஸிலும் மறுமுனையில் சக்கரத்திலும் பூட்டியிருக்கும் கீழ்க்கையின் ஏறத்தாழ நடுவில் நிற்கிறது. ஏற்றத் துலாவில் அச்சுக்கும் முனைக்கும் நடுவிலே நிற்பவன் ஒரு சாண் இறங்கினால் முனையிலே தொங்கும் சால் இரண்டு சாண் இறங்குவதைப்போல, ஸ்டிரட்டின் தலையில் முக்கால் அங்குலம் சேர்த்தால் சக்கரத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் கிடைக்கிறது. இந்த விகிதம் தெரியாமல், 2 அங்குலம் வேண்டும் என்று 2 அங்குலக் கனமுள்ள தட்டை வைத்தவனுடைய வண்டி 4 அங்குலம் எழும்பி, இனிமேல் நான் சொல்லப்போகிற அவஸ்தைகள் அத்தனையையும் ஒரே நாளில் அனுபவிக்கும்.

ஸ்பேசர் என்று சொல்லப்படும் இந்தத் தட்டுக்களில் இரண்டு ஜாதி உண்டு. ஸ்டிரட்டின் தலைக்குமேல், வெளிப்புறத்தில் உட்காருவது ஒன்று. ஸ்டிரட்டைப் பிரித்துச் சுருளை இன்னும் அழுத்தும்படி உள்ளே வைப்பது மற்றொன்று. வெளித்தட்டு, வில்லை எவ்விதத்திலும் மாற்றுவதில்லை. தூணைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது, அவ்வளவே. ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, கைகள் முன்பு எட்டாத அளவுக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. உள்தட்டிலோ தூணின் முழு நீளம் மாறுவதில்லை. ஆனால் வண்டி எப்போதும் அந்த முழு நீளத்துக்கு அருகிலேயே நிற்பதால், சக்கரம் கீழே இறங்குவதற்குரிய இடம் குறைந்து, சின்னப் பள்ளத்திலும் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. உள்தட்டு வைத்ததால் வில் கடினமாகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது பிசகு. வில்லின் வலிமை அப்படியே இருக்கிறது. இறங்க இடமில்லாமையே கடினமாகத் தோன்றுகிறது. இரண்டு தட்டும் வேண்டாம் என்கிறவர்கள், பில்ஸ்டீன் முதலிய கம்பெனியார் செய்கிற, சுருள் உட்காரும் இடத்தை மேலும் கீழுமாக மாற்றிக்கொள்ளக்கூடிய ஷாக் அப்சார்பர்களை வாங்குகிறார்கள். விலை அதிகம், சவாரி நன்றாக இருக்கும்.

எல்லா வண்டிகளிலும் முன்புறத்தில் சுருள் இருக்கும் என்று எண்ணவேண்டாம். செவர்லே கம்பெனியார் 1960-இல் தங்கள் சிறிய டிரக்குகளில் சுருளுக்குப் பதிலாக நீளமான எஃகுத் தண்டு ஒன்றை வைத்து, சக்கரம் மேலெழும்போது அந்தத் தண்டு முறுக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அத்தகைய முறுக்குத் தண்டு அவர்களுடைய கனத்த டிரக்குகளில் இன்றும் இருக்கிறது. அதை உயர்த்துவதற்குத் தட்டு வேண்டியதில்லை. ஒரு போல்ட்டைத் திருகினாலே தண்டு இன்னும் முறுகி வண்டியின் முன்புறம் எழும்பும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கலாம் என்ற ஆசை அங்கேதான் கெடுதலாய் முடிகிறது. ஃபோர்டு சூப்பர் ட்யூட்டி போன்ற, முன்புறத்திலும் ஒரே அச்சுள்ள வண்டிகளில் சுருளின்மேல் ஒரு வளையத்தை வைத்தால் வேலை முடிந்தது; அங்கே சுருள் அச்சின்மேலேயே நிற்பதால், விகிதக் கணக்கும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றுதான்.

இனி, எவ்வளவு உயர்த்தலாம் என்ற கேள்வி. முன்சக்கரங்களுக்கும் எஞ்சின் விசையைக் கொடுக்கும் நான்குசக்கர ஓட்டமுள்ள வண்டியில், நடுவிலுள்ள டிபரென்ஷியலிலிருந்து இரு பக்கமும் இரண்டு தண்டுகள் சக்கரத்துக்குப் போகின்றன. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போதும், திரும்பும்போதும், அந்தத் தண்டுகள் முறியாமல் சுழல்வதற்காக அவற்றின் முனைகளில் சி.வி. ஜாயிண்ட் என்னும் மூட்டுக்கள் இருக்கின்றன. வண்டி உயர உயர, டிபரென்ஷியல் மேலே போகச் சக்கரம் கீழேயே நிற்பதால், தண்டு சாய்வாகிறது. மூட்டு நிரந்தரமாக மடங்கிய நிலையிலேயே சுழல்கிறது. மனிதன் முழங்காலை மடக்கியபடியே நாள் முழுதும் நடந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். முதலில் மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை கிழியும். பிறகு உள்ளேயிருக்கும் கிரீஸ் வெளியே தெறிக்கும். பிறகு மண் புகுந்து மூட்டு கடகடக்கும். மேற்கையின் நுனியிலிருக்கும் பால் ஜாயிண்டுக்கும் இதே விதிதான். ஆதலால் தட்டுக்களை மட்டும் வைத்து உயர்த்துவதற்குச் சக்கரத்தில் 2 அல்லது 2½ அங்குலம் என்பதை அனுபவஸ்தர்கள் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் வேண்டுமானால் வேறு மேற்கைகள் வேண்டும். வேறு மூட்டுக்கள் வேண்டும். கைகள் பூட்டியிருக்கும் இடத்தையே மாற்றவேண்டும்.

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்சக்கரத்து நட்டுக்களைத் தரையில் இருக்கும்போதே லேசாக நெகிழ்த்தி, ஜாக்கியினால் வண்டியைத் தூக்கி, சேஸிஸுக்கடியில் இரு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் வண்டியை உட்காரவைத்தான். ஜாக்கி தூக்குவதற்கு ஏற்பட்டது, தாங்குவதற்கு ஏற்பட்டதன்று. அதை நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுத்தவர்களுடைய கதைகள் எல்லா தேசத்திலும் இருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றினபின், பிரேக் குழாயையும் சக்கரத்தின் வேகத்தை அறியும் மின்கம்பியையும் அவை பிடித்திருக்கும் கொக்கிகளிலிருந்து விடுவித்தான். இல்லாவிட்டால், பிறகு, சக்கரம் பூட்டியிருக்கும் நக்கிள் என்னும் பாகம் சாயும்போது அவை இழுபட்டு அறுந்துபோகும். ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பு, மேற்கையின் பால் ஜாயிண்ட், கீழே ஸ்டிரட்டைப் பிடிக்கும் இரண்டு நட்டுக்கள், மேலே மூன்று நட்டுக்கள் என்று வரிசையாகக் கழற்ற, அரைமணியில் ஸ்டிரட் கைக்கு வந்துவிட்டது. அச்சமயத்தில் நக்கிள் வெளிப்புறமாகச் சாய்ந்து சி.வி. தண்டை மூட்டிலிருந்து பிடுங்கிவிடாதபடி அதைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த உத்தியோகம்.

ஸ்டிரட்டின் தலையில், மூன்று நட்டுக்களுக்கு நடுவே, இன்னொரு பெரிய நட்டு இருக்கிறது. "சித்தப்பா, எதைத் தொட்டாலும் இதை மட்டும் தொடக்கூடாது" என்று அவன் எனக்குக் காட்டினான். அழுத்தப்பட்ட சுருள்வில் முழுவதையும் கட்டிவைத்திருப்பது அந்த ஒரு நட்டுத்தான். உரிய யந்திரத்தினால் சுருளை நெருக்கிப் பிடிக்காமல் அதைக் கழற்றினால், வண்டியின் முன்பாதியைத் தாங்கிக்கொண்டிருந்த அவ்வளவு பலமும் ஒரே கணத்தில் விடுபட்டுக் கழற்றுகிறவனுடைய முகத்தைத் தாக்கும். உயிர் போவதற்குக்கூட அது போதும். வெளித்தட்டை அவன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, அந்த நட்டைத் தொடாமல் வேலை முடிந்துவிடும் என்பதுதான். உள்தட்டு வைக்க விரும்புகிறவர்கள் ஸ்டிரட்டைக் கழற்றிக் கையோடு ஒரு பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போவதே மேல்.

தட்டை வைத்துத் திரும்பப் பூட்டும்போது இன்னொரு நுணுக்கம். கைகள் சேஸிஸில் பூட்டியிருக்கும் இடத்தில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. வண்டி தொங்குகிற நிலையில் அந்தப் போல்ட்டுக்களை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கினதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரத்தில் கிழிந்துவிடும். ஆகையால் அவற்றைச் சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் ஏறினபிறகே டார்க் ரெஞ்சினால் இறுக்கவேண்டும். இரண்டு பக்கமும் முடிந்து, பத்து நிமிஷம் தெருவில் ஓட்டிக்கொண்டு வந்து அளந்தபோது, முன்புறம் 24 அங்குலம் இருந்தது. காகிதத்தில் இரண்டாவது வரிசை எழுதினான். ஐந்நூறு மைல் ஓடினபின் எல்லா நட்டுக்களையும் மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும் என்று அதன் ஓரத்தில் குறித்தும் வைத்தான்.

வண்டி நிமிர்ந்ததென்னவோ வாஸ்தவம். ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. கைகளின் கோணம் மாறினதால், சக்கரங்களின் கோணங்களும் மாறிவிட்டன. சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கேம்பர், அதன் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ நோக்கும் டோ, ஸ்டீயரிங்கைத் தானே நேராக்கிக் கொடுக்கும் காஸ்டர் ஆகிய மூன்றும் வீல் அலைன்மெண்ட் செய்கிறவன் கையில் சரிப்படவேண்டும். காஸ்டர் குறைந்துவிட்ட வண்டி நெடுஞ்சாலையில் நிலைகொள்ளாமல் அலையும், மற்ற இரண்டும் பிசகினால் ஒரே பருவத்தில் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அதைவிட அதிகமாக மறக்கப்படுவது முன்விளக்கு. அவனுடைய வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 145 அங்குலம். முன்புறம் ஒன்றரை அங்குலம் எழும்பினால் விளக்கொளி, 100 அடி தூரம் போவதற்குள், முன்பு விழுந்த இடத்தைக் காட்டிலும் ஓர் அடிக்குமேல் உயர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிரே வருகிறவனுடைய கண் இருப்பது அங்கேதான். சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, வேலைக்கு முன்னால் ஒளி விழுந்த இடத்தில் ஒட்டிவைத்த நாடாவைப் பார்த்து, விளக்கின் திருகைத் திருப்பி ஒளியை இறக்கினான். புதிய வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காமிரா இருந்தால் அதற்கும் புதிய நிலையைக் கற்பிக்கவேண்டும்.

ஒன்றரை அங்குலத்துக்கே இவ்வளவு சங்கதி இருக்குமானால், நான்கும் ஆறும் உயர்த்துகிறவனுடைய பாடு எப்படியிருக்கும்? அங்கே தட்டு உதவாது. கீழ்க்கைகளும் டிபரென்ஷியலும் பூட்டியிருக்கும் குறுக்குச் சட்டங்களையே தாழ்த்தி, நீளமான நக்கிள்களைப் போட்டு, பழைய கோணங்கள் அப்படியே இருக்க, எல்லாவற்றையும் மொத்தமாகக் கீழே இறக்கவேண்டும். பின்புறத்தில் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பார்கள். அல்லது பட்டைகளோடு இன்னொரு பட்டை சேர்ப்பார்கள். கட்டை மலிவு, ஆனால் உயரமான கட்டையின்மேல் நிற்கும் பட்டை, எஞ்சின் வேகமாக இழுக்கும்போது பாம்புபோல் நெளியும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்குவதும், திருப்பும் சக்கரங்களுள்ள முன் அச்சுக்குக் கட்டை வைப்பதும் தெரிந்தவர்கள் செய்யாத காரியங்கள். அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினபின் அதையே திரும்பப் போடுவதும் அவ்வாறே. அது ஒருமுறை இறுக்கப்பட்டு நீண்டுவிட்ட கம்பி.

பாடி லிஃப்ட் என்று ஒன்று உண்டு. வில்லைத் தொடாமல், சேஸிஸுக்கும் மேற்கூட்டுக்கும் நடுவில் 3 அங்குலம் வரையில் கட்டைகளை வைத்துக் கூட்டை மட்டும் உயர்த்துவது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். வண்டிக்கடியில் ஒரு நூலளவும் அதிக இடைவெளி கிடைக்காது. உண்மையில் கல்லில் இடிப்பது பின் அச்சின் நடுவேயிருக்கும் உருண்டையான டிபரென்ஷியல்தான்; வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் அது அங்கேயே நிற்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றே. டயரின் விட்டம் 2 அங்குலம் அதிகமானால் அச்சு 1 அங்குலம் எழும்பும். ஆனால் 32 அங்குல டயருக்குப் பதிலாக 35 அங்குல டயர் போட்டவன், வேகமானி 60 மைல் காட்டும்போது 65 மைலுக்குமேல் போய்க்கொண்டிருப்பான். போலீஸ்காரனுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. உயரத்தின்மேல் மோகம் கொண்டவர்களுக்கெல்லாம் ஆதிகுரு மிஸெளரி மாகாணத்து பாப் சாண்ட்லர். அவர் தம்முடைய 1974-ஆம் வருஷத்து ஃபோர்டு எஃப்-250 வண்டியை வருஷத்துக்கு வருஷம் உயர்த்தி, பிக்ஃபுட் என்று பெயரிட்டு, 1981-இல் பழைய மோட்டார்களின்மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். அதிலிருந்து ஒரு தனிக் கேளிக்கையே பிறந்துவிட்டது.

உயரம் ஏற ஏற, வண்டியின் கனமையமும் ஏறுகிறது. திருப்பத்தில் கவிழ்வதற்கு அது ஒரு படி நெருங்குகிறது. அமெரிக்காவில் 2012-ஆம் வருஷத்து மாதிரியிலிருந்து எல்லாச் சிறு வண்டிகளிலும் கட்டாயமாக்கப்பட்ட சறுக்கல் தடுப்புக் கருவி, தொழிற்சாலை வைத்த உயரத்தை நம்பியே கணக்குப் போடுகிறது. எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு அங்கே ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிச் சட்டம். இவற்றுள் மிக வேடிக்கையானது, முன்புறத்தை ஏகமாக உயர்த்திப் பின்புறத்தைத் தாழ்த்தி, தவளை உட்கார்ந்ததுபோல் ஓட்டும் கரோலைனா ஸ்குவாட் என்ற நாகரிகம் பற்றியது. ஓட்டுகிறவனுக்குத் தன் வண்டியின் மூக்கைத் தவிர முன்னால் நடக்கும் குழந்தைகூடத் தெரியாது. வட கரோலைனாவில், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்குமேலோ உயர்ந்திருக்கலாகாது என்று 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தடை செய்தார்கள். வர்ஜீனியாவும் தென் கரோலைனாவும் பின்தொடர்ந்தன. நம் தேசத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019-இல் அதை உறுதிசெய்திருக்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தம் வீட்டு ஈஸுஸு டி-மேக்ஸின் அடியில் ஜாக்கியை வைக்கவேண்டாம்.

உத்தரவாதம் போய்விடுமே என்று அமெரிக்காவில் அஞ்சுகிறவர்களுக்கு 1975-ஆம் வருஷத்து மேக்னஸன்–மாஸ் சட்டம் ஒரு துணை. வெளிச்சாமான் பூட்டியது ஒன்றையே காரணமாகக் காட்டிக் கம்பெனியார் கையை விரித்துவிட முடியாது, பழுது அதனால்தான் உண்டாயிற்று என்று காட்டவேண்டும். ஆயினும் தட்டு வைத்த வண்டியில் சி.வி. ஜாயிண்ட் போனால், அதைக் காட்டுவது அவர்களுக்குச் சிரமமான காரியமன்று. தொந்தரவே வேண்டாம் என்கிறவர்களுக்காக, 2 அங்குலம் உயர்த்தியே விற்கும் சில்வராடோ டிரெயில் பாஸ் போன்ற வண்டிகள் இருக்கின்றன. கையைக் கறையாக்கிக்கொள்ளும் சந்தோஷம் அதில் கிடையாது என்பான் என் பிள்ளை.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அவன் மனைவி கொல்லையில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைக்கவேண்டும் என்று சொல்ல, அவன் அந்த வண்டியில் போய் ஆயிரம் பவுண்டுக்குக் குறையாத தோட்டமண்ணை ஏற்றிக்கொண்டு, இருட்டின பிறகு வந்து சேர்ந்தான். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்களாம். வாசல் விளக்கைப் போட்டுப் பார்த்தேன்; அன்று காலை அவ்வளவு மட்டமாக நின்ற வண்டி, இப்போது பின்னங்காலை மடித்து உட்கார்ந்த மாட்டைப்போல முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. "பின்பாரம், சித்தப்பா" என்றான், நான் சொல்வதற்கு முன்னால். பின்புறத்துப் பட்டைக்குத் துணையாக, பாரம் ஏற்றும்போது காற்றடித்துக்கொள்ளும் ரப்பர்ப் பைகளை வாங்கிப் பூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், டேப்பையும் அந்தப் பழைய காகிதத்தையும் எடுத்துவந்தான். நான் டார்ச் விளக்கைப் பிடிக்க, மண்ணை இறக்குவதற்கு முன்பாக நான்கு சக்கரங்களையும் அளந்தான். முன்புறம் 24, பின்புறம் 22¾. மூன்றாவது வரிசையில் எழுதிக்கொண்டான்.